புதுக் குடியிருப்பும் பழைய சாலையும் – ஒரு கணக்குப் பாடம்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சரோஜினி நகர், நேதாஜி நகர், லட்சுமிபாய் நகர் என்ற பெயர்கள் வெறும் முகவரிகள் அல்ல. மத்திய அரசுப் பணிக்காக ஊரை விட்டு வந்த நம்மவர் பலர் இந்தக் காலனிகளின் குவார்ட்டர்ஸ்களில்தான் முதன்முதலில் குடித்தனம் நடத்தினார்கள். சரோஜினி நகர் விநாயகர் கோயிலும், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரும், லட்சுமிபாய் நகரிலும் மோதிபாகிலும் நடைபெறும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளும் அந்த வாழ்க்கையின் அடையாளங்கள்.

அந்தப் பகுதியின் முகம் இப்போது மாறிவிட்டது. தாழ்ந்த பழைய வீடுகள் இருந்த இடத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்து வருகின்றன. புதிய வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். குவார்ட்டர்ஸுக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வீடுகள் பெருகும்போது அவற்றின் வாசலில் உள்ள சாலை என்ன ஆகும்? இதை ஊகமாகப் பேசாமல் கணக்காகப் பார்க்க முடியுமா? முடியும். அதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை. கூட்டல், பெருக்கல், சதவீதம் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவரே போதும். அந்தக் கணக்கைக் கற்றுக் கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏழு காலனிகள்

முதலில் செய்தியைத் தெரிந்து கொள்வோம். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை தில்லியின் ஏழு அரசு ஊழியர் காலனிகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகமத்பூர் ஆகியவை அந்த ஏழு. அங்கே இருந்த 12,970 வீடுகளுக்குப் பதிலாகச் சுமார் 25,667 வீடுகள் கட்டுவது திட்டம். அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மதிப்பிட்ட செலவு, 30 ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து, 32,835 கோடி ரூபாய்.

இந்தப் பணத்தின் பெரும்பகுதி வணிகக் கட்டடங்களை விற்றுத் திரட்டப்படுவது. அதனால் நௌரோஜி நகரில் குடியிருப்பே இல்லாமல் போயிற்று. அங்கிருந்த 600க்கும் மேற்பட்ட குவார்ட்டர்ஸ்களின் இடத்தில் சுமார் 34 லட்சம் சதுர அடி அலுவலக வளாகம் எழுந்தது. 2025 ஜனவரி 3 அன்று பிரதமர் இந்த வளாகத்தையும், சரோஜினி நகரில் 28 கோபுரங்களில் அமைந்த 2,500க்கும் மேற்பட்ட வீடுகளையும் திறந்து வைத்தார்.

2018 ஜூன் மாதத்தில் இத்திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படும் என்ற செய்தி வந்தபோது தில்லி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. மரம் வெட்டுவது நிறுத்தி வைக்கப்பட்டது. மரத்தைக் காப்பாற்ற எழுந்த குரல் நாடெங்கும் கேட்டது. சாலையைப் பற்றிய கவலை அவ்வளவு உரக்க ஒலிக்கவில்லை. வெட்டப் போகும் மரம் கண்ணுக்குத் தெரிகிறது. நாளை வரப்போகும் வண்டி அப்படித் தெரிவதில்லை. அதனால்தான் அதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வண்டியை எண்ணும் முறை

ஒரு சாலையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணினால் மட்டும் போதாது. ஒரு பஸ்ஸும் ஒரு ஸ்கூட்டரும் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை. ஆகவே எல்லா வண்டிகளையும் காரின் அளவுக்கு மாற்றிக் கூட்டுவார்கள். இதற்குப் 'பாஸஞ்சர் கார் யூனிட்' என்று பெயர். நாம் சுருக்கமாகக் 'கார் அலகு' என்போம்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டி இந்த மதிப்புகளைத் தருகிறது. ஒரு கார் என்றால் 1. சாலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருசக்கர வண்டிகள் இருந்தால் ஒவ்வொன்றும் 0.75. ஆட்டோக்களும் அதே அளவில் இருந்தால் ஒவ்வொன்றும் 2. பஸ், லாரி குறைவாக உள்ள சாலையில் ஒவ்வொன்றும் 2.2.

அதே வழிகாட்டி ஒவ்வொரு வகைச் சாலைக்கும் ஓர் எல்லையும் வகுத்திருக்கிறது. நடுவில் தடுப்புள்ள, இருபுறமும் சேர்த்து நான்கு தடமுள்ள துணைப் பிரதான சாலையில் மணிக்கு 2,900 கார் அலகு வரை போகலாம். இது அந்தச் சாலை தாங்கக் கூடிய முழு அளவு அல்ல. அதில் சுமார் 70 சதவீதம்தான். முழு அளவு ஏறக்குறைய 4,100 ஆகிறது. சாலையை ஏன் 70 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

ஒரு கணக்குப் போடுவோம்

இப்போது 1,000 வீடுகள் உள்ள ஒரு புதிய குடியிருப்பை மனத்தில் கொள்வோம். இங்கே வரும் வண்டி எண்ணிக்கை நாம் பாடத்துக்காக வைத்துக் கொள்வது. எந்தக் காலனியிலும் எண்ணியது அல்ல. காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை வாசலை விட்டு வெளியே வருபவை: 300 கார், 200 ஸ்கூட்டர், 60 ஆட்டோ, 10 பள்ளிப் பேருந்து.

கார் 300. ஸ்கூட்டர் 200ஐ 0.75ஆல் பெருக்கினால் 150. ஆட்டோ 60ஐ 2ஆல் பெருக்கினால் 120. பேருந்து 10ஐ 2.2ஆல் பெருக்கினால் 22. மொத்தம் 592 கார் அலகு.

இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பத்துப் பள்ளிப் பேருந்துகள் ஆளுக்கு 40 பிள்ளைகளாக 400 பிள்ளைகளை ஏற்றிப் போகின்றன. அவை பிடிக்கும் இடம் 22 அலகு. அதே 400 பிள்ளைகளைப் பெற்றோர் காருக்கு இருவராக அழைத்துப் போனால் 200 கார். விட்டுவிட்டு வீடு திரும்பும்போது மீண்டும் 200. ஆக 400 அலகு! ஒரு குடியிருப்பின் போக்குவரத்தை அதன் வீடுகளின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. அங்கே வாழ்பவர்கள் எப்படிப் போய் வருகிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது.

கணக்கைத் தொடர்வோம். 592இல் நூற்றுக்கு 60 பங்கு ஒரு பக்கமும் 40 பங்கு மறுபக்கமும் திரும்புவதாகக் கொள்வோம். அதிகம் போகும் பக்கத்தில் 355 அலகு சேரும். அந்தச் சாலையில் ஏற்கெனவே மணிக்கு 2,500 அலகு போகிறது என்றால் இனி 2,855. எல்லை 2,900. "சாலை தாங்கும்" என்று அறிக்கை எழுதிவிடலாம். அந்தக் கணக்கில் பொய் ஒன்றும் இல்லை.

ஒவ்வொன்றும் தேர்ச்சி, மொத்தத்தில் தோல்வி

சிக்கல் அடுத்த வாசலில்தான் தொடங்குகிறது. அதே சாலையில் இன்னொரு குடியிருப்பும் வருகிறது. அதன் ஆலோசகரும் பழைய 2,500ஐயே எடுத்துக் கொண்டு, தம் 355ஐக் கூட்டி, "தாங்கும்" என்று எழுதுகிறார். மூன்றாவது திட்டம், நான்காவது திட்டம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே தேர்ச்சி பெறுகிறது. ஆனால் சாலைக்கு வந்து சேர்பவை நான்கின் வண்டிகளும்தான். 355ஐ நான்கால் பெருக்கினால் 1,420. பழைய 2,500ஐயும் கூட்டினால் 3,920. எல்லை தாண்டிவிட்டது. முழுத் திறனில் ஏறக்குறைய 95 சதவீதம் நிறைந்துவிட்டது.

இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுவே. ஒரு திட்டத்தின் கணக்கை அந்தத் திட்டத்தோடு நிறுத்தக் கூடாது. அக்கம்பக்கத்தில் ஒப்புதல் பெற்ற திட்டங்கள் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டி, அவை சேரும் சந்திப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். நௌரோஜி நகர், நேதாஜி நகர், சரோஜினி நகர் மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் காலனிகள். மூன்றுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தனித்தனிக் கோப்புகளில் வழங்கப்பட்டது. கோப்புகள் வேறு வேறாக இருக்கலாம். ரிங் ரோடும் ஆப்பிரிக்கா அவென்யூவும் மூன்றுக்கும் பொதுவானவை.

குடியிருப்போடு அலுவலக வளாகமும் சேரும்போது கணக்கு இன்னும் இறுகுகிறது. காலையில் குடியிருப்பிலிருந்து வண்டிகள் வெளியே போகின்றன. அதே நேரத்தில் அலுவலக வளாகத்துக்குள் வண்டிகள் வருகின்றன. மாலையில் இது தலைகீழாகிறது. ஆகவே "காலையில் இந்தப் பக்கம் காலியாகத்தானே இருக்கும்" என்ற ஆறுதலும் கிடைப்பதில்லை.

கொஞ்சம் கூடினால் என்ன?

"ஏற்கெனவே நெரிசல்தானே, இன்னும் நூறு வண்டி வந்தால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு விடை தெரிந்து கொள்ள ரயில் முன்பதிவு கவுண்ட்டருக்குப் போவோம்.

ஓர் எழுத்தர் மணிக்கு 20 பேரைக் கவனிக்க வல்லவர். ஆட்கள் ஒரே சீராக வருவதில்லை. சில சமயம் நால்வர் சேர்ந்து வருவார்கள், சில சமயம் யாரும் இல்லை. ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் வேலை முடியும், இன்னொருவருக்கு ஏழு நிமிடம் ஆகும். இப்படி இருக்கையில் மணிக்கு 16 பேர் வந்து கொண்டிருந்தால் வரிசையில் நிற்கும் நேரம் சராசரியாக 12 நிமிடம் என்று வரிசைக் கணிதம் சொல்கிறது. மணிக்கு 19 பேர் வந்து கொண்டிருந்தால் எவ்வளவு? 14 நிமிடமோ 15 நிமிடமோ என்று நினைப்போம். விடை 57 நிமிடம்! கூடியவர்கள் மூன்றே பேர். காத்திருப்பு நாலே முக்கால் மடங்கு.

சாலைச் சந்திப்புக்கும் இந்த இயல்பு உண்டு. நிமிடக் கணக்கு வேறாக இருக்கும். ஏறும் விதம் ஒன்றே. பாதி காலியாக உள்ள சாலையில் நூறு வண்டி சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. நிறையும் தறுவாயில் உள்ள சாலையில் அதே நூறு வண்டி சேர்ந்தால் வரிசை அடுத்த சந்திப்பு வரை நீண்டுவிடும். அதனால்தான் 70 சதவீதத்தில் எல்லை வைத்தார்கள். மீதி 30 சதவீதத்தை வீணாகக் கிடப்பதாக நினைக்கக் கூடாது. சாலை மூச்சு விடுவதற்கான இடம் அது.

மேலும், நடுவில் தடையின்றி ஓடும் சாலையை விட சிக்னல் உள்ள சந்திப்பின் திறன் மிகக் குறைவு. நான்கு பக்கமும் பச்சை விளக்கைப் பங்கு போட்டுக் கொள்கின்றன அல்லவா? ஆகவே சாலையின் அகலத்தை மட்டும் சொல்லும் அறிக்கை பாதிக் கணக்குதான்.

இது நம் பொறுமையோடு முடிந்துவிடும் காரியமும் அல்ல. எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனை, எய்ம்ஸின் விபத்துச் சிகிச்சை மையம் மூன்றும் இதே ரிங் ரோட்டுப் பகுதியில்தான் இருக்கின்றன. வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஓர் ஆம்புலன்ஸும் நிற்கும் என்பதை மறக்கலாகாது.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை

ஒரு குடியிருப்புத் திட்டத்தின் போக்குவரத்து அறிக்கை கையில் கிடைத்தால் கீழ்க்கண்டவற்றைத் தேடுங்கள்.

1. எந்த நாளில் எண்ணினார்கள்? மே நடுவிலிருந்து ஜூன் முடிய தில்லிப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அப்போது எண்ணினால் பள்ளி வண்டிகள் கணக்கில் வராது. சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை எண்ணினால் மார்க்கெட் கூட்டம் கணக்கில் வராது.

2. எந்தெந்தச் சந்திப்புகள்? வாசலுக்கு எதிரே உள்ள சாலையை மட்டும் பார்த்தார்களா, அடுத்தடுத்த இரண்டு மூன்று சிக்னல்களையும் பார்த்தார்களா?

3. மற்றத் திட்டங்களைச் சேர்த்தார்களா? பக்கத்தில் ஒப்புதல் பெற்றுக் கட்டி முடியாதவை இருந்தால் அவற்றின் வண்டிகளும் வரவேண்டும்.

4. வீட்டுக்கு எத்தனை வண்டி என்று கொண்டார்கள்? கார் நிறுத்துமிடத்தைத் தாராளமாகக் காட்டிவிட்டு, சாலைக் கணக்கில் மட்டும் கார்களைக் குறைத்துக் காட்டினால் இரண்டும் பொருந்தாது. நிறுத்த இடம் இருக்கும் வீட்டுக்குக் கார் வரும்.

5. மெட்ரோவைக் காரணம் காட்டுகிறார்களா? 2018 ஆகஸ்ட் 6இல் பிங்க் வழித்தடம் இப்பகுதிக்கு வந்து, பிகாஜி காமா பிளேஸ், சரோஜினி நகர், ஐ.என்.ஏ. நிலையங்கள் பயன்பாட்டுக்கு வந்தன. இது பெரிய வரப்பிரசாதம்தான். ஆனால் வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரை உடைபடாத நடைபாதையும், இரவில் விளக்கும், சாலையைக் கடக்க வழியும் இருந்தால்தான் மக்கள் மெட்ரோவுக்கு நடந்து போவார்கள். வரைபடத்தில் நிலையத்துக்குக் கோடு இழுத்துவிட்டால் போதாது.

6. நடப்பவர்களை எண்ணினார்களா? பள்ளிக்கு நடக்கும் பிள்ளை, கோயிலுக்கு நடக்கும் பாட்டி, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஆகியோருக்குக் கார் அலகுக் கணக்கில் இடமே இல்லை. அவர்களுக்கென்று தனிப் பக்கம் இருக்க வேண்டும்.

7. கட்டுமானக் காலத்துக்குக் கணக்கு உண்டா? கோபுரம் எழும் ஆண்டுகளில் கம்பி, சிமெண்டு, மண் லாரிகள் எந்த வழியாக, எந்த நேரத்தில் வரும்?

சட்டம் திறந்து வைத்துள்ள வாசல்கள்

2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்கள் முன் அனுமதி பெற வேண்டும். அந்த அறிவிக்கையோடு வந்த 1-ஏ படிவம் கட்டடத் திட்டங்களுக்கென்றே தனியாக வகுக்கப்பட்டது. வண்டி நிறுத்த இடம் பற்றாக்குறை ஆகுமா, இப்போதுள்ள போக்குவரத்து வசதி என்ன, நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் என்ன ஏற்பாடு, நடைபாதையும் சைக்கிள் பாதையும் உண்டா, வண்டிச் சத்தம் கூடுமா என்றெல்லாம் அது கேட்டது. ஆகவே போக்குவரத்து சுற்றுச்சூழலுக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் ஒரு குறை உண்டு. சுரங்கம், தொழிற்சாலை போன்றவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவது போல், கட்டடத் திட்டங்களுக்கு நடத்த வேண்டிய கட்டாயத்தை அந்த அறிவிக்கை வைக்கவில்லை. நம்மை யாரும் அழைத்துக் கேட்கமாட்டார்கள். நாமேதான் போய்க் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, மத்திய அரசு அலுவலகமானால் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போட்டுப் போக்குவரத்து அறிக்கையின் நகலைக் கோரலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் உரிய அலுவலகத்துக்கு அதை மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. சுற்றுச்சூழல் அனுமதி வழங்கியதில் குறை இருப்பதாகக் கருதினால், பாதிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மேலும் 60 நாள் வரை அனுமதிக்கலாம். இந்த நாள் கணக்கு மிக முக்கியம். கட்டடம் எழுந்து, பால் காய்ச்சிக் குடி வந்தபிறகு சாலை குறுகல் என்று முறையிடுவதில் பயன் இல்லை.

நாம் செய்யக் கூடியது

நம்மில் பலர் இன்று மயூர் விஹாரிலும், துவாரகையிலும், ரோகிணியிலும், நொய்டாவிலும் கூட்டுறவுச் சங்க வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கிறோம். எங்கே பார்த்தாலும் பக்கத்தில் ஒரு புதிய திட்டம் வந்து கொண்டேதான் இருக்கிறது. "நாம் வந்தேறிகள், நமக்கெதற்கு இந்த வம்பு" என்று ஒதுங்கி நிற்பது சரியல்ல. வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், நம் பிள்ளைகள் இந்தச் சாலைகளில்தான் பள்ளிக்கு நடக்கிறார்கள்.

குடியிருப்போர் நலச் சங்கத்தில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் மற்ற மொழிக் குடும்பங்களோடு சேர்ந்து ஒரு சிறு வேலை செய்யலாம். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள்களில், பள்ளி நடக்கும் வாரமாகப் பார்த்து, காலை எட்டரை முதல் ஒன்பதரை வரையிலும் மாலை ஆறு முதல் ஏழு வரையிலும் அருகிலுள்ள சந்திப்பில் வண்டிகளை எண்ணுங்கள். நடைபாதையில் பாதுகாப்பாக நின்று, கார், இருசக்கரம், ஆட்டோ, பஸ், லாரி என்று பிரித்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டுக் கொள்ளுங்கள். நடப்பவர்களையும் சாலையைக் கடப்பவர்களையும் தனியே குறித்துக் கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருந்தால் மேல்வகுப்பு மாணவர்களே இதைச் செய்துவிடுவார்கள். கணக்குப் பாடமும் பழகும்.

அந்த எண்களை மேலே சொன்னபடி கார் அலகாக மாற்றுங்கள். சுற்றிலும் வரவிருக்கும் திட்டங்களின் எண்களையும் கூட்டுங்கள். எல்லை எண்ணோடு ஒப்பிட்டு ஒரு பக்க மனுவாக எழுதி அதிகாரிகளிடம் கொடுங்கள். "நெரிசல் தாங்க முடியவில்லை" என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, "இந்தச் சந்திப்பில் இந்த நாளில் மணிக்கு இத்தனை அலகு; அறிக்கையில் இத்தனைதான் இருக்கிறது; வித்தியாசம் ஏன்?" என்று கேட்கும் மனுவுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டியிருக்கும்.

திட்டத்தை நிறுத்துங்கள் என்று கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வாசலை நெரிசல் மிகுந்த சாலையிலிருந்து வேறு பக்கம் மாற்றலாம். முதல் குடும்பம் குடியேறும் முன்பே நடைபாதையை முடிக்கலாம். பள்ளிப் பேருந்து நிற்க வளாகத்துக்குள் இடம் ஒதுக்கலாம். வீடுகளைக் கட்டம் கட்டமாக ஒப்படைக்கலாம். இவையெல்லாம் வரைபடம் காகிதத்தில் இருக்கும்போது சுலபமாகச் செய்யக் கூடியவை. கான்கிரீட் ஊற்றிய பிறகு செய்ய முடியாதவை. ஆகவே அடுத்த முறை உங்கள் பகுதியில் ஒரு புதிய குடியிருப்புக்கு வேலி அடைக்கப்படுவதைப் பார்த்தால், அங்கே வீடு என்ன விலை என்று விசாரிப்பதோடு நின்றுவிடாமல், அதன் போக்குவரத்து அறிக்கை எங்கே என்றும் விசாரியுங்கள்.